வாசலில் இருந்து முதல் கட்டில் வரை

(செல்லூர் தெருமுனைக் கூட்டத்தில் நம் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள், பகிருங்கள்.)



நூல் விலை, கூலி, வீட்டுவரி எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் பேசிவிட்டார்கள். நான் ஒரே ஒரு விஷயம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு கட்டிடத்தோட பிளானைப் பற்றி. "என்னப்பா இது, தெருமுனையில நின்னுக்கிட்டு இஞ்சினியர் வேலை பார்க்குறான்"னு நினைக்காதீங்க. நினைச்சாலும் பரவாயில்லை, பத்து நிமிஷம் கேளுங்க.

நம்ம பெரியாஸ்பத்திரி. செல்லூர்ல இருந்து கோரிப்பாளையம் தாண்டினால் வந்துவிடும், கூப்பிடு தூரம். அரசு ராஜாஜி மருத்துவமனை என்பது போர்டில் இருக்கிற பெயர். அதுக்கும் முந்திய பெயர் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி. 1934 முதல் 1940 வரை மெட்ராஸ் மாகாண கவர்னராக இருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயர். 1954-ல் மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது. அன்றைக்கு இருந்த மதுரை என்ன, ரோட்டில் ஓடிய வண்டி எத்தனை! இன்றைக்குச் சிவகங்கை, தேனி, விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம் என்று சுற்றி உள்ள எல்லா மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இருந்தும் தலையில் அடிபட்டவரை, உயிருக்குப் போராடுகிறவரைக் கடைசியில் இங்கேதான் கொண்டு வருகிறார்கள். ஆகவே அவசர சிகிச்சைப் பிரிவை விரிவாக்கணும் என்பதில் எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. எங்களுக்கும் கிடையாது.

எங்கள் கேள்வி வேறு. எப்படி விரிவாக்கப் போகிறீர்கள்?

கட்டிடம் வராமல் இல்லை, தோழர்களே. 2019 ஜனவரி 27-ந் தேதி பிரதமர் மதுரைக்கு வந்தார். அன்றைக்கு ஒரே மேடையில் இரண்டு வேலை. பெரியாஸ்பத்திரியின் பல்நோக்கு உயர் சிறப்புக் கட்டிடத்தைத் திறந்து வைத்தார், தோப்பூர் எய்ம்ஸுக்கு அடிக்கல் நாட்டினார். அந்த அடிக்கல்லின் கதை செங்கல்லாக மாறி 2021 தேர்தல் மேடையெல்லாம் சுற்றி வந்தது உங்களுக்கே தெரியும், அதுக்குள்ளே நான் போகலை. அப்புறம் ஜப்பானின் ஜைக்கா கடன். 2016-ல் ஒப்பந்தம் போட்டு, கீழ்ப்பாக்கம், கோவை, மதுரை என்று மூன்று ஊர் ஆஸ்பத்திரிக்குப் பணம் வந்தது. நம்ம ஊரில் உயரமான புதுக் கட்டிடம் எழும்பி 2024-ல் திறந்தும் ஆகிவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒவ்வொரு திறப்பு விழாவிலும் என்ன சொல்கிறார்கள்? எத்தனை மாடி, எத்தனை கோடி, எத்தனை படுக்கை. அவ்வளவுதான். வாசலில் வந்து இறங்குகிற ஆள் முதல் கட்டிலுக்குப் போய்ச் சேர எத்தனை அடி, எத்தனை திருப்பம், எத்தனை கதவு என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? உயிர் போவதும் நிற்பதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இதைப் புரிஞ்சுக்க செல்லூர்க்காரர்களுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். தறி போட்ட வீட்டில் பிறந்தவங்க இங்கே நிறையப் பேர் நிக்கிறீங்க. குழித்தறி வீடு எப்படிக் கட்டுவோம்? தறிக்குழி எங்கேன்னு முதலில் முடிவு பண்ணிட்டுத்தான் அடுப்படி எங்கேன்னு பேச்சு வரும். உட்கார்ந்து நெய்கிற ஆளுக்கு வெளிச்சம் விழணும், அந்தப் பக்கம் ஜன்னல். வேலை முதலில், சுவர் அப்புறம். படம் வரையத் தெரியாத நம்ம தாத்தன் கட்டிய வீட்டில் அந்தப் புத்தி இருந்தது. கோடிக்கணக்கில் செலவு பண்ணுகிற அரசுக் கட்டிடத்தில் பல நேரம் அது தலைகீழாக நடக்கிறது. முதலில் முகப்பு, போர்டு, கல்வெட்டு. அப்புறம் உள்ளே எதை எங்கே தள்ளலாம் என்று பார்க்கிறார்கள். இது ஏதோ ஒரு ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. நம்ம நாட்டில் பொதுக் கட்டிடம் கட்டுகிற வழக்கத்தையே சொல்கிறேன்.

சரி, வாசல்ல இருந்து ஆரம்பிப்போம்.

அடிபட்டவர் எதில் வருகிறார்? 108 ஆம்புலன்ஸ் 2008-ல் வந்தது, நல்ல திட்டம், லட்சக்கணக்கான உயிரைக் காத்திருக்கு. ஆனா எல்லாரும் அதுலயா வர்றாங்க? ஆட்டோவுல வர்றாங்க, ஷேர் ஆட்டோவுல வர்றாங்க, சின்ன யானையில பாயை விரிச்சுப் போட்டுக்கிட்டு வர்றாங்க, பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். ஆக, முன் போர்டிகோ ஆம்புலன்ஸ் ஒன்று நிற்பதற்கு மட்டும் அளவெடுத்துக் கட்டினால் போதாது. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆளை இறக்க வேண்டும், மூன்றாவது வண்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு வெளியேற வேண்டும், ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. மழை நனையாத கூரை வேண்டும். தரையும் வாசலும் ஒரே மட்டத்தில், ஒரு படி கூட இல்லாமல். ஸ்ட்ரெச்சர் நிறுத்துகிற இடம் வாசலை ஒட்டி, ஆள் வந்து இறங்கும்போது கைக்கு எட்டுகிற மாதிரி. இதெல்லாம் வரைபடத்தில் போட வேண்டிய விஷயம். கட்டி முடித்த பிறகு டீன் உத்தரவு போட்டு வராது.

வாசலுக்கு வெளியேயும் பாருங்க. ஆஸ்பத்திரி ஒரே காம்பவுண்டுக்குள் இல்லை. பனகல் ரோட்டுப் பக்கம் பழைய கட்டிடங்கள், அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கம் விரிவாக்க வளாகம் என்று பிரிந்து கிடக்கிறது. நடுவில் மதுரையின் நெரிசல் எல்லாம். கோரிப்பாளையம் மேம்பாலத்துக்கு 2023 அக்டோபரில் அடிக்கல் போட்டு, 190 கோடிக்கு வேலை ஆரம்பித்த பிறகு அந்தச் சந்திப்பைக் கடக்க நாம் பட்டது நமக்குத்தான் தெரியும். சைரன் போட்டுக்கொண்டு நிற்கிற ஆம்புலன்ஸுக்குள் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். அதனால் அவசர சிகிச்சைக் கட்டிடத்தை எந்த ரோட்டைப் பார்த்து வைப்பது என்பதை ஆஸ்பத்திரி மட்டும் தனியாக முடிவு பண்ண முடியாது. மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, போக்குவரத்து போலீஸ் எல்லாரும் ஒரே படத்தைப் பார்த்து உட்கார வேண்டும்.

உள்ளே வந்தாச்சு. முதல் மேசையில் யார்? சீட்டு எழுதுகிறவரா, நர்ஸா? தமிழ்நாட்டில் 'தாய்' என்று ஒரு திட்டம் இருக்கிறது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சை முன்முயற்சி. அதன் அடிப்படையே, வந்தவுடன் ஆளைத் தரம் பிரிப்பது. நூலைப் பார்த்தவுடன் பிரிப்போமே, அந்த மாதிரி. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் சிவப்பு, கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. அருமையான முறை. ஆனால் இது தரையில் அடிக்கிற பெயின்ட் சமாச்சாரம் மட்டும் இல்லை. சிவப்புப் பகுதி வாசலுக்கு நேர் எதிரே, திருப்பமே இல்லாமல் இருக்க வேண்டும். பச்சைக்கு வந்த காய்ச்சல்காரர் சிவப்புப் பகுதியைக் குறுக்கே கடந்து போகக் கூடாது. நர்ஸ் உட்காரும் இடத்தில் இருந்து தலையைத் திருப்பினால் அத்தனை கட்டிலும் தெரிய வேண்டும். நடுவில் ஒரு தூண் இருந்தால்கூட அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு நோயாளி இருப்பார், அவருக்கு மூச்சு நின்றது யாருக்கும் தெரியாது.

சி.டி. ஸ்கேன் எங்கே? ரத்த வங்கி எங்கே? ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் லிஃப்ட் எங்கே? தலைக்காயத்துக்கு வந்த ஆளை ஸ்கேனுக்காகக் கட்டிடம் விட்டுக் கட்டிடம் தள்ளிக்கொண்டு போனால், உள்ளே எவ்வளவு பெரிய டாக்டர் இருந்தும் என்ன பலன்? 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. பணத்துக்காக சிகிச்சை நிற்கக் கூடாது என்று அரசு முடிவெடுத்தது சரியான முடிவு. அதே மாதிரி வராந்தா நீளத்துக்காகவும் சிகிச்சை நிற்கக் கூடாது இல்லையா?

இன்னொன்று, சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து பிளான் போடுகிறவர்களுக்கு எளிதில் தோன்றாத விஷயம். நம்ம சுற்றுவட்டாரம் விவசாயப் பூமி. பூச்சி மருந்து குடித்தவர்கள், மருந்து அடிக்கும்போது மேலே பட்டு மயங்கினவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு வருவது அபூர்வம் இல்லை. அந்த மருந்து துணியில் இருக்கும், தோலில் இருக்கும், தலைமுடியில் இருக்கும். உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் துணியைக் கழற்றி, உடம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கழுவினால்தான் மருந்து இன்னும் உள்ளே இறங்காது. கழுவாமல் தொட்டால் தொடுகிற நர்ஸுக்கும் ஆபத்து. அதற்கு வாசலுக்குப் பக்கத்திலேயே மறைப்போடு ஒரு இடம், கைக்குழாய் ஷவர், ஸ்ட்ரெச்சரோடு உள்ளே போகிற அகலம், தண்ணீர் தனியாக வடிகிற தரை. பெண்களுக்குத் தனியாக. செலவு என்று பார்த்தால் பெரிசா ஒண்ணும் இல்லை. வரைபடத்தில் போடணும், அவ்வளவுதான்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். 2019 மே 7-ந் தேதி ராத்திரி ஞாபகம் இருக்கா? காற்றும் மழையும். பெரியாஸ்பத்திரியில் கரண்ட் போனது. வென்டிலேட்டரில் இருந்த நோயாளிகள் இறந்தார்கள். மின்தடை காரணம் இல்லை, அவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமாக இருந்தார்கள் என்றது நிர்வாகம். ஜெனரேட்டர் ஓடவில்லை என்றார்கள் உறவினர்கள். விஷயம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரைக்கும் போனது. யார் சொன்னது சரி என்று இந்த மேடையில் நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு கட்டுகிற எந்தக் கட்டிடமாக இருந்தாலும் ஜெனரேட்டர் எங்கே, அது நின்றால் அடுத்தது எது, பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும் என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது.

மழையைப் பற்றி செல்லூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 அக்டோபர் 25-ல் கொட்டின மழையில் கண்மாய்த் தண்ணீர் நம்ம வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. ஃபிரிட்ஜு, மோட்டாரு, கட்டிலு எல்லாம் மிதந்துச்சு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மணப்பாக்கத்தில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கியது. தீவிர சிகிச்சையில் இருந்தவர்கள் பலர் இறந்தார்கள். வைகைக் கரையில் இருந்து பார்வை எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஜெனரேட்டரையும் மின்சார பேனலையும் அடித்தளத்தில் வைக்கலாமா? கீழ்த்தளத்தில் கார் நிறுத்திக்கோங்க, வேண்டாம்னு சொல்லலை. மெஷினை மேலே ஏத்துங்க.

தீ. 2024 டிசம்பர் 12 ராத்திரி, பக்கத்தில் திண்டுக்கல்லில், ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து ஆறு பேர் செத்தார்கள். ஒரு சின்னக் குழந்தையும் சேர்த்து. லிஃப்டுக்குள் மூச்சுத் திணறிக் கிடந்தவர்களை எடுத்தார்கள். நெருப்பை விடப் புகைதான் ஆளைக் கொல்லும். லிஃப்ட் குழியும் படிக்கட்டும் புகை ஏறுகிற புகைபோக்கி. நடக்கத் தெரிந்தவர் ஓடிவிடுவார். வயிற்றில் தையலோடு, கையில் டிரிப்ஸோடு படுத்திருக்கிறவர்? அவரைக் கீழே இறக்க நேரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு தளத்தையும் புகை தாண்டாத கதவு போட்டு இரண்டு மூன்றாகப் பிரிக்க வேண்டும். இந்தப் பக்கம் தீ என்றால் கட்டிலோடு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். கட்டிலோடு தள்ள வராந்தா அகலம் வேண்டும். தேசியக் கட்டிட விதி ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு 2.4 மீட்டர் சொல்கிறது, கிட்டத்தட்ட எட்டு அடி. எட்டு அடி வராந்தாவில் பீரோவையும் பழைய கட்டிலையும் போட்டு வைத்தால் அது நாலு அடி. அப்போ சாமான் வைக்கிற அறையும் பிளானில் இருக்க வேண்டும். ஸ்டோர் ரூம் கொடுக்காமல் விட்டுவிட்டு வராந்தாவில் ஏன் வைத்தாய் என்று வார்டு ஊழியரைத் திட்டுவது என்ன நியாயம்?

பழைய அரசு ஆஸ்பத்திரிகளில் சாய்தளம் இருக்கும், ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டே மேலே போகலாம். புதுக் கட்டிடங்களில் அது குறைந்துகொண்டே வருகிறது. காரணம் கணக்குதான். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு மாடி பன்னிரண்டு அடி என்றால் சாய்தளம் 144 அடி. இடத்தைத் தின்கிறது, அதை எடுத்துவிட்டு நாலு ரூம் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். கரண்ட் போய் லிஃப்ட் நின்ற ராத்திரியில் அந்த நாலு ரூம் யாருக்கு உதவும் என்றும் தோன்ற வேண்டும்.

இப்போ, ரொம்ப நாளாக என் மனசில் கிடக்கிற ஒரு விஷயம். கூட வருகிறவர்கள். ஒரு நோயாளிக்குப் பின்னால் மூன்று பேர், நாலு பேர் வருவார்கள். அக்கா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரர். நம்ம பண்பாடு அது, குறையாகச் சொல்ல முடியாது. "கூட்டம் போடாதீங்க, வெளியே போங்க" என்கிறோம். வெளியே எங்கே? மரத்தடியில், நடைபாதையில் துண்டை விரித்துப் படுக்கிறார்கள். கைக்குழந்தையோடு இருக்கிறவள் எங்கே பால் கொடுப்பாள், ராத்திரி ரெண்டு மணிக்குப் பொம்பளைப் பிள்ளை எங்கே பாத்ரூம் போவாள்? உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. ரெண்டு மணி நேரம் சேதி இல்லாமல் நின்றவனுக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் போய் விழுவது முப்பத்தாறு மணி நேரம் தூங்காமல் நிற்கிற பயிற்சி டாக்டர் மேல், நர்ஸ் தங்கச்சி மேல். இதற்குப் போலீஸ் பூத் ஒன்று போட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் ரெண்டு ஆஸ்பத்திரிகளில் வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். அவசரப் பிரிவில் சுவரிலும் கூரையிலும் தெளிவான பலகை வைத்தார்கள். நீங்கள் இப்போது இந்த இடத்தில் இருக்கிறீர்கள், அடுத்து இது நடக்கும், இதனால் காத்திருக்கிறீர்கள் என்று. மிரட்டுகிற மாதிரி நடந்துகொள்வது பாதியாகக் குறைந்தது. பலகைதான், தோழர்களே. நம்ம ஊருக்கு அதைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதணும், படிக்கத் தெரியாதவங்களுக்குப் படம் போடணும், ஒரு ஆள் மைக்கில் சொல்லணும்.

அப்புறம், ஒரு அறை. கதவு உள்ள ஒரு சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பானை. "உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த முடியலம்மா" என்று சொல்வதற்கு ஒரு இடம். வராந்தாவில், நூறு பேர் பார்க்க, ஸ்ட்ரெச்சர் இடித்துக்கொண்டு போகும்போது கேட்கிற செய்தியா அது? அந்த அம்மா அங்கேயே தரையில் விழுந்து அழுகிறாள், சுற்றி நின்று செல்போனில் படம் எடுக்கிறான் ஒருவன். சொல்கிற டாக்டரும் மனுஷன்தானே, அவருக்கும் அந்தக் கதவு தேவை.

டாக்டர், நர்ஸ், துப்புரவுப் பணியாளர் இவர்கள் உட்கார, சாப்பிட, உடை மாற்ற உள்ளே இருந்து பூட்டுகிற அறை வேண்டும். கொல்கத்தாவில் 2024 ஆகஸ்டில் பணியில் இருந்த ஒரு பெண் மருத்துவருக்கு நடந்த கொடுமைக்குப் பிறகும் இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் அக்காமாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பிளானில் 'ஊழியர் அறை' என்று போட்டு அதில் டாக்டர் மட்டும் உட்காருகிற கதை வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வீடு மராமத்து என்றால் நாம் வாடகை வீட்டுக்குப் போய்விடலாம். அவசர சிகிச்சைப் பிரிவை ஒரு நாள்கூட மூட முடியாது. ஒரு பக்கம் கடப்பாரை, இன்னொரு பக்கம் நோயாளி. தூசி, சத்தம், அடைபட்ட வழி. அதனால் எந்தக் கட்டத்தில் எந்த வாசல் திறந்திருக்கும், ஆக்சிஜன் குழாயை எப்போது மாற்றுவார்கள், அன்றைக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதை டெண்டரிலேயே எழுத வேண்டும். மேம்பால வேலையில் பட்ட பாட்டை ஆஸ்பத்திரி வாசலிலும் படச் சொல்லாதீர்கள்.

எங்கள் கோரிக்கை சின்னது. ஒப்பந்தப் புள்ளி கோருவதற்கு முன்னால், அவசர சிகிச்சை விரிவாக்கத்துக்கு என்ன பிளான் போட்டாலும், அதைத் தமிழில் பெயர் எழுதி, ஆஸ்பத்திரி வாசலிலும் மாநகராட்சி மண்டல அலுவலகங்களிலும் ஒரு மாதம் மாட்டி வையுங்கள். நர்ஸையும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரையும், 108 டிரைவரையும், ஆட்டோ சங்கத்தையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, உண்மையான ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப் பாருங்கள். நம்ம பசங்க கபடிக்குக் கோடு போடுகிற மாதிரி, அரை நாள் வேலை. எங்கே இடிக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். சுவர் எழும்பிய பிறகு தெரிந்து என்ன செய்ய?

மாட்டி வைக்க மாட்டோம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு வாங்குவோம். வாங்கி இதே தெருமுனையில் பெரிய தட்டியாக அடித்து நிறுத்துவோம்.

டீனுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுக்கிற மனு அந்த டீக்கடை ஓரத்து மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால் பெயர் எழுத வேண்டாம், தயக்கம் புரிகிறது. எந்த இடத்தில் இடிக்கிறது, எந்தக் கதவு குறுகல் என்று மட்டும் தனித் தாளில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போங்கள். ராத்திரி பத்து மணி வரைக்கும் தோழர்கள் மேசையில் இருப்பார்கள்.